என்பினைக் கண்ட வரலாறு

கைப்புண்ணைக் காணக் கண்ணாடி வேண்டா என்பது நம் முதுமொழி. தோலின் மேற்பட்ட புண்ணுக்கு இம்மொழி முற்றும் பொருந்தும். ஆனால் தோலுக்கும் தசைக்கும் உள்ளே, கண்ணுக்கு எட்டாது கிடக்கும் என்பில் மயிரிழை போன்றதொரு கீறல் விழுந்துவிட்டால், அதனைக் காண எந்தக் கண்ணாடி உதவும்? பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் இக்கேள்விக்கு விடையறியாதிருந்தான். வைத்தியன் கையால் தடவிப் பார்த்தான்; வீக்கத்தை நோக்கினான்; நோயாளியின் முனகலைச் செவிமடுத்தான்; பின்னர் ஊகித்துக் கட்டுப் போட்டான். ஊகம் சரியாயின் கை நேராயிற்று. தவறாயின் வாழ்நாள் முழுவதும் கோணலாயிற்று.

இன்று எக்ஸ்றே படம் எடுக்காத வைத்தியசாலை இல்லை. எனினும், நோவோடு வந்த ஒருவனிடம், "படத்தில் ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்லப்படுவதை நாம் யாவரும் கேட்டிருக்கின்றோம். அச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. என்பிற் குறையில்லை என்பது ஒன்று. இருக்கும் குறையைக் காட்டும் ஆற்றல் அப்படத்துக்கு இல்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. முதலாவது பொருளை நம்பி வீடு சென்றவன், இரண்டாவது பொருளே உண்மையாயிருந்தால், நாளடைவில் மூட்டின் பயனையே இழந்துவிடக் கூடும். ஆகவே படம் எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதை அறிஞர் படிப்படியாகக் கற்றுக்கொண்ட வரலாறு நாம் அறிந்திருக்கவேண்டிய ஒன்றாகும். அவ்வரலாற்றின் அண்மைப் படியாக விளங்குவது "கூம்புக்கற்றை சீ.ரீ." எனப்படும் படப்பிடிப்பு முறை. அதன் கதையையே ஈண்டு கூறப்புகுகின்றோம்.

முதல் நிழல்

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆந் திகதி மாலை, ஜேர்மனியில் வூர்ஸ்பேர்க் சர்வகலாசாலையிற் பௌதிகப் பேராசிரியராயிருந்த வில்ஹெல்ம் கொன்றாட் றொன்ற்ஜன் என்பார், காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாயொன்றினூடு மின்னைச் செலுத்திப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். குழாய் கறுத்த அட்டையால் மூடப்பட்டிருந்தது, அறையும் இருளாயிருந்தது. எனினும் சற்றுத் தொலைவிலிருந்த, பேரியம் பிளாற்றினோசயனைட்டு என்னும் உப்புப் பூசிய திரை மெல்லென ஒளிர்ந்தது. அட்டையை ஊடுருவி வந்து திரையை ஒளிரச் செய்தது யாது? அறியப்படாத அக்கதிருக்கு, கணிதத்தில் அறியப்படாத கணியத்துக்கு இடும் எழுத்தையே பெயராக இட்டு, "எக்ஸ்-கதிர்" என்றார் அவர்.

டிசம்பர் 22-ஆந் திகதி தம் மனைவியாரின் கையை ஒளிப்படத் தகட்டின்மேல் வைக்கச் செய்து கதிர்களைச் செலுத்தினார். விரல் என்புகளும், அவற்றிலொன்றைச் சூழ்ந்த மோதிரமும் தகட்டிற் பதிந்தன. 1896 ஜனவரி 23-ஆந் திகதி வூர்ஸ்பேர்க்கில் நிகழ்ந்த கூட்டத்தில், முதுபெரும் உடற்கூற்றறிஞராகிய கொலிக்கர் என்பாரின் கையையும் அவ்வாறே படம் பிடித்துக் காட்டினார். தம் வாழ்நாளெல்லாம் பிறர் உடல்களை அறுத்து என்பைக் கண்ட அப்பெரியார், தம் கையின் என்புகளை அறுக்காமலே கண்டார். இக்கதிர்களுக்கு றொன்ற்ஜன் கதிர்கள் எனப் பெயரிடவேண்டும் என்று அச்சபையில் முன்மொழிந்தவரும் அவரே.

செய்தி காட்டுத்தீப் போற் பரவியது. பெப்ரவரி 3-ஆந் திகதி அமெரிக்காவின் டாட்மத் கல்லூரியில், உறைந்த ஆற்றின்மேற் சறுக்கி விளையாடுகையில் விழுந்து மணிக்கட்டருகே என்பு முறிந்த சிறுவனொருவனின் படம் எடுக்கப்பட்டது. அச்சிறுவன் இருபது நிமிடம் கையை அசையாது வைத்திருக்க வேண்டியிருந்தது. கண்டுபிடிப்பு நிகழ்ந்து மூன்று மாதம் நிறைவதற்குள் அது முறிந்த கைக்கு உதவிற்று என்றால், மக்கள் எத்துணைத் தாகத்தோடு இதற்காகக் காத்திருந்தனர் என்பதை ஊகிக்கலாம்.

றொன்ற்ஜன் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றுப் பொருள் ஈட்ட முயன்றாரல்லர். 1901-இல் பௌதிகத்துக்கான முதலாவது நோபல் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது. பரிசுப் பணத்தையும் தம் சர்வகலாசாலைக்கே கொடுத்துவிட்டார்.

கொடுத்த விலை

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சாகும். இக்கதிர்கள் உடலைச் சுடும் என்பதை முதலிற் பலரும் உணரவில்லை. எடிசனின் உதவியாளராயிருந்த கிளாரன்ஸ் டாலி என்பார் நாள்தோறும் தம் கைகளையே கதிர்களின் முன் வைத்துக் குழாய்களைச் சோதித்தார். கைகள் புண்பட்டன, புண் புற்றாயிற்று, கைகள் வெட்டப்பட்டும் உயிர் தப்பவில்லை. 1904-இல் அவர் இறந்தார். எடிசன் அவ்வாராய்ச்சியையே கைவிட்டார். ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலுள்ள வைத்தியசாலையொன்றின் வளவில் 1936-இல் ஒரு நினைவுக் கல் நாட்டப்பட்டது. எக்ஸ்-கதிராலும் ரேடியத்தாலும் உயிர் துறந்த வைத்தியர், விஞ்ஞானிகள், தாதியர் முதலியோராகிய 169 பேரின் பெயர்கள் அதிற் பொறிக்கப்பட்டன; பின்னர் மேலும் பல பெயர்கள் சேர்க்கப்பட்டன.

இவ்வாறு ஒருபுறம் உயிர்கள் போய்க்கொண்டிருக்க, மறுபுறம் இதே கதிர்கள் கடைத்தெருவில் விளையாட்டுப் பொருளாயின. 1920-ஆம் ஆண்டுகள் தொடக்கம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சப்பாத்துக் கடைகளில் மரப்பெட்டி போன்றதோர் எக்ஸ்-கதிர்க் கருவி வைக்கப்பட்டிருந்தது. பிள்ளை அதன்மேல் நின்று கால்களை உள்ளே நுழைக்கும். சப்பாத்து விரலுக்குப் பொருந்துகின்றதா என்று தாயும் கடைக்காரரும் மேலிருந்து எட்டிப் பார்ப்பர். ஒரு சோடிச் சப்பாத்து விற்பதற்காகக் குழந்தைகளின் கால்களிற் கதிர் பாய்ச்சிய இவ்வழக்கத்தை, அமெரிக்க மாகாணங்களுள் முதலாவதாகப் பென்சில்வேனியா 1957-இல் தடைசெய்தது. இச்செய்தியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்வாராக. பின்னர் இதற்கு மீளுவோம்.

நிழலின் குறை

எக்ஸ்றே படம் என்பது உண்மையில் ஒரு நிழல். கதிர்கள் உடலினூடு செல்கையில் என்பு அவற்றை மிகுதியாகவும் தசை குறைவாகவும் தடுக்கின்றது. தடுக்கப்படாது வெளிவந்தவை தகட்டிற் பதிகின்றன. நிழலுக்கு ஒரு குணம் உண்டு. முன்னிருப்பது, பின்னிருப்பது என்ற வேற்றுமை அதற்கில்லை. நிலவொளியில் முற்றத்தில் விழும் தென்னோலை நிழலைப் பாருங்கள். பத்து ஓலைகளின் நிழல்கள் ஒன்றன்மேலொன்று விழுந்து ஒரே கருமையாகின்றன. அவற்றுள் எந்த ஓலை கிழிந்தது என்று நிழலைக் கொண்டு சொல்ல முடியுமா?

மணிக்கட்டிலே எட்டுச் சிற்றென்புகள் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று, படகு போன்ற வடிவினதாதலின் "ஸ்கபொயிட்" எனப்படுவது. விழும்போது கையை ஊன்றுகின்ற இளைஞருக்குப் பெரும்பாலும் முறிவது இதுவே. இதன் முறிவு முதல் நாள் எடுத்த படத்திற் புலப்படாமற் போவது உண்டு. இவ்வென்புக்குக் குருதி பெரும்பாலும் விரற்பக்க முனையினூடாகவே சென்று மறுமுனையை அடைகின்றது. ஆதலால் நடுவில் முறிவு நேரின் முழங்கைப் பக்கத்துத் துண்டு குருதியின்றி மடிந்துபோகும் அபாயம் உண்டு. "படத்தில் ஒன்றுமில்லை" என்ற சொல்லை நம்பி மட்டையடிக்கவும் பாரந்தூக்கவும் போனவன் சில ஆண்டுகளின் பின் மணிக்கட்டு வாதத்தால் வருந்துவதற்குக் காரணம் இதுவே. தேர்ந்த வைத்தியர் இதனை நன்கறிவர். ஆதலால் பெருவிரலின் அடியிலுள்ள குழியில் அழுத்தும்போது நோவு இருக்குமாயின், படம் எதனைச் சொன்னாலும் முறிவு உண்டென்றே கருதிக் கட்டுப் போட்டு, சில நாட்களின் பின் மீண்டும் பார்ப்பது அவர்தம் வழக்கம்.

நிழல்களைப் பிரிக்க 1920-ஆம், 1930-ஆம் ஆண்டுகளிற் பிரான்ஸ், இத்தாலி, ஒல்லாந்து முதலிய நாடுகளில் ஓர் உபாயம் காணப்பட்டது. படம் எடுக்கையிற் குழாயை ஒரு புறமும் தகட்டை எதிர்ப்புறமும் நகர்த்தினால், உடலின் ஒரு தளம் மாத்திரம் தெளிவாக நிற்க, ஏனையவை கலங்கி மங்கும். இஃது உதவிற்று, ஆனால் மங்கிய நிழல்கள் நீங்கினவல்ல, கலங்கினவே.

கணிதம் காட்டிய வழி

நிழல்களிலிருந்து உருவத்தை மீளப் பெறும் வழி வைத்தியத்தில் அன்று, கணிதத்தில் முன்னரே பிறந்திருந்தது. 1917-இல் ஒஸ்திரியக் கணிதரான யொஹான் றாடன் என்பார் ஒரு தேற்றத்தை வெளியிட்டார். ஒரு தளத்திலுள்ள கணியத்தை, அதன் குறுக்கே எல்லாத் திசைகளிலும் செல்லும் நேர்கோடுகளின் வழியே கூட்டிய தொகைகள் தெரியுமாயின், அக்கணியத்தை ஒவ்வொரு புள்ளியிலும் கண்டுகொள்ளலாம் என்பது அதன் சாரம்.

இதனைச் சிறிய உதாரணத்தால் விளக்கலாம். நான்கு அறைகளுள்ள சதுரமொன்றில் நான்கு எண்கள் மறைந்துள்ளன. மேல் வரிசையின் தொகை 8. கீழ் வரிசையின் தொகை 9. இடப்பக்க நிரலின் தொகை 5. வலப்பக்க நிரலின் தொகை 12. எண்கள் யாவை? மேலே 3, 5 எனவும் கீழே 2, 7 எனவும் கூறலாம். ஆனால் மேலே 4, 4 எனவும் கீழே 1, 8 எனவும் கூறினும் எல்லாத் தொகைகளும் பொருந்துகின்றன! நேராகவும் பக்கமாகவும் இரண்டு படங்கள் எடுத்துவிட்டு "எல்லாம் சரி" என்பது இதனைப் போன்றதே. இனி, மேல் வலமூலையையும் கீழ் இடமூலையையும் இணைக்கும் சாய்ந்த வரிசையின் தொகை 7 என மேலும் ஒரு செய்தி கிடைத்தால் ஐயம் அகன்றுவிடும். 3, 5, 2, 7 என்பதே விடை. மேலும் ஒரு கோணத்திலிருந்து பார்த்தமையால் மறைந்தது வெளிப்பட்டது. நான்கு அறைக்குப் பதில் இலட்சக்கணக்கான அறைகளும், மூன்று திசைக்குப் பதில் நூற்றுக்கணக்கான திசைகளும் கொண்ட கணக்கே சீ.ரீ. என்க.

றாடனின் தேற்றத்தை வைத்திய உலகம் அறியவில்லை. 1956-இல் அவர் மறைந்தார். அதே ஆண்டில் தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில், சர்வகலாசாலைப் பௌதிக விரிவுரையாளராயிருந்த அலன் கோர்மாக் என்பார், குறூட் ஸ்கூர் வைத்தியசாலையில் வாரத்தில் ஒன்றரை நாள் கதிர்ச்சிகிச்சைப் பகுதியைக் கவனிக்க நேர்ந்தது. உடலின் ஒவ்வோர் இடமும் கதிர்களை எவ்வளவு தடுக்கின்றது என்றறியாமல் சிகிச்சையைக் கணிப்பது எவ்வாறு என அவர் சிந்தித்தார். றாடனை அறியாமலே அக்கணக்கைத் தாமாகத் தீர்த்தார். மரவளையம் சூழ்ந்த அலுமினிய உருளையொன்றைக் கொண்டு அதனைச் சோதித்தார். அளவுகள் நடுவிடத்தில் ஒரு சிறு வேற்றுமையைக் காட்டின. பட்டறையில் விசாரித்தபோது, உருளையின் நடுவே வேறுபட்ட ஓர் ஆணி உள்ளே இருந்தது தெரியவந்தது! சோதித்தவருக்கே தெரியாதிருந்ததைக் கணக்கு கண்டுபிடித்துவிட்டது.

1963-இலும் 1964-இலும் அவர் இதனை வெளியிட்டார். ஏறத்தாழ எவரும் கவனித்திலர். கட்டுரைப் பிரதி கேட்டு வந்த கடிதங்களுள் மிகச் சுவையானது சுவிற்சர்லாந்தின் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது என அவரே பின்னர்க் கூறினார். மனித உடலுக்கென வகுத்த கணக்கை மலைப்பனிக்குப் பயன்படுத்தலாமா என அவர்கள் எண்ணினர் போலும்.

இசைத்தட்டுக் கம்பனியும் மோட்டார்க் கம்பனியும்

அதே காலத்தில் இங்கிலாந்தில், இசைத்தட்டுகளுக்குப் பேர்போன ஈ.எம்.ஐ. கம்பனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் என்னும் எந்திரவியலாளர் தனிவழியே இதே பிரச்சினையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரது முதலாவது பரிசோதனையில் ஒரு பொருளை அளந்து முடிக்க ஒன்பது நாள்கள் சென்றன. 1971 அக்டோபர் 1-ஆந் திகதி, இலண்டன் விம்பிள்டனிலுள்ள அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், மூளையிற் கட்டி உண்டென ஐயுறப்பட்ட ஒரு பெண்மணியின் தலை படம் பிடிக்கப்பட்டது. கட்டி தெளிவாகத் தெரிந்தது. நிழல் முதன்முறையாக உருவமாயிற்று. கோர்மாக்கும் ஹவுன்ஸ்பீல்டும் 1979-ஆம் ஆண்டு வைத்தியத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இருவருள் எவரும் வைத்தியரல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

இக்கருவிகளிற் கதிர்க்கற்றை முதலில் பென்சிற் கோடு போல் மெலிந்திருந்தது. பின்னர் விசிறி போல் விரிந்தது. விசிறிக்கற்றை ஒரு சமயத்தில் உடலின் மெல்லிய ஒரு துண்டத்தையே காணும். எனவே நோயாளியை மேசையிற் கிடத்தி, பெரிய வளையமொன்றினூடு மேசையை நகர்த்தித் துண்டம் துண்டமாகப் படம் பிடித்து அடுக்கினர். நோயாளி கிடந்தே ஆகவேண்டும் என்ற நிலை இவ்வாறு உண்டாயிற்று.

கற்றையைக் கூம்பு வடிவாக விரித்து, எதிரே அகன்ற தட்டொன்றை வைத்தால் என்ன? ஒரே சுற்றில் மூட்டு முழுவதையும் பல நூறு கோணங்களிலிருந்து காணலாமே! ஆனால் அவ்வாறு பெற்ற நிழல்களை உருவமாக்கும் கணக்கு எளிதன்று. கூம்பின் நடுத்தளத்திற் கணக்கு முற்றும் சரியாகும். நடுவிலிருந்து மேலும் கீழும் விலக விலகச் செய்தி குறைபடும். இக்குறையை ஏற்றுக்கொண்டு, பயனுக்குப் போதிய விடை தரும் நடைமுறை வழியொன்றை 1984-இல் வெளியிட்டோர் பெல்ட்காம்ப், டேவிஸ், கிறெஸ் என்னும் மூவர். அவர்கள் பணிபுரிந்த இடம் எது? அமெரிக்காவின் போர்ட் மோட்டார்க் கம்பனி! எந்திரங்களுக்கான மட்பாண்டப் பொருள்களில் உள்வெடிப்பு உண்டா எனப் பார்க்கவே பெல்ட்காம்ப் இவ்வாராய்ச்சியில் இறங்கினார். அதே கருவி பின்னர் என்பின் பக்கம் திரும்பியது. என்பின் உள்ளே கடற்பஞ்சு போற் பின்னிக் கிடக்கும் நுண்சட்டங்களை, என்பை வெட்டாமலே முப்பரிமாணத்திற் காட்டும் ஆய்வை அவரும், மிச்சிகன் சர்வகலாசாலையையும் டெற்றோயிற் நகரின் ஹென்றி போர்ட் வைத்தியசாலையையும் சேர்ந்த அறிஞரும் 1989-இல் வெளியிட்டனர். மோட்டார் வண்டிக்காகப் பிறந்த கணக்கு இவ்வாறு மனித என்புக்கு வந்து சேர்ந்தது.

பல் வைத்தியரின் அறையில்

உயிருள்ள மனிதரிற் கூம்புக்கற்றை பெருவழக்காகியது முதலிற் பல் வைத்தியத்திலேயாகும். தாடை சிறியது, உட்கார்ந்திருப்பவரின் தலையைச் சுற்றிக் கருவி ஒருமுறை சுழன்றாற் போதும். இத்தாலியின் வெரோனா நகரில் உருவாகிய "நியூற்றோம்" என்னும் கருவி பற்றி மொற்சோவும் பிறரும் 1998-இல் எழுதினர். யப்பானின் நிஹொன் சர்வகலாசாலையைச் சேர்ந்த அறாய் என்பாரும் பிறரும் தாம் தனியே அமைத்த கருவி பற்றி 1999-இல் எழுதினர். பல்லுக்கென வந்த இக்கருவி, காதின் முன்னேயுள்ள தாடை மூட்டையும் தெளிவாகக் காட்டிற்று. வாய் திறக்கும்போது நோவும் சத்தமும் உண்டாகும் அம்மூட்டிலே, என்பின் மேற்பரப்பு தேய்ந்ததா, அரிக்கப்பட்டதா, முள் போல் வளர்ந்ததா என்பதைக் காணமுடிந்தது. ஆகக் கூம்புக்கற்றை முதன்முதல் நன்கு கண்ட மூட்டு நாம் நாள்தோறும் உண்ணவும் பேசவும் பயன்படுத்தும் தாடை மூட்டே எனலாம்.

இக்கருவியின் தொழிற்பாடு வருமாறு: ஒரு புறம் எக்ஸ்-கதிர்க் குழாய், மறுபுறம் கதிர் பட்டால் ஒளிரும் பொருள் பூசிய தட்டு. இரண்டும் உறுப்பைச் சுற்றி ஒருமுறை சுழலச் சில பத்துச் செக்கன்களே செல்லும். அதற்குள் நூற்றுக்கணக்கான நிழல்கள் பதியும். கணனி அவற்றை ஒருங்கிணைத்து, மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்களவும் அதனிலும் சிறியனவுமான சதுரமுகிகள் கொண்ட முழு உருவமாக ஆக்கும். இச்சதுரமுகிகளின் எல்லாப் பக்கமும் சமமாதலின், உருவத்தை எத்திசையில் வெட்டிப் பார்த்தாலும் தெளிவு குன்றாது. றொன்ற்ஜனின் அறையில் அன்று ஒளிர்ந்த உப்புத் திரைக்கும் இன்றைய தட்டுக்கும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே என்பதையும் ஈண்டு கருதுக.

நின்றவாறே காணுதல்

2010-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இக்கருவி தாடையிலிருந்து கைக்கும் காலுக்கும் வந்தது. பின்லாந்தில் ஹெல்சிங்கியிலுள்ள, பற்கருவிக் குடும்பத்தைச் சேர்ந்த பிளான்மெட் கம்பனி ஒன்றை ஆக்கியது. ஒளிப்படச் சுருளுக்குப் பேர்போன கொடக் கம்பனியின் வைத்தியப் பிரிவிலிருந்து தோன்றிய கேர்ஸ்ட்றீம் கம்பனியோடு சேர்ந்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலையினர் மற்றொன்றை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டனர். பென்சில்வேனியாவில் கேர்வ்பீம் கம்பனி, நோயாளி ஏறி நிற்கக்கூடிய ஒரு கருவியை ஆக்கியது.

ஸ்கபொயிட் போன்ற சிற்றென்புகளின் முறிவைக் காணுதலில் இவற்றின் பயன் வெளிப்படை. முறிவுத் துண்டுகள் எவ்வளவு விலகியுள்ளன, மூட்டின் மேற்பரப்பிற் படி விழுந்துள்ளதா, கட்டியபின் என்பு ஒட்டியதா என்பவற்றை இது காட்டும். ஆயினும் இதன் தனிச்சிறப்பு வேறொன்றில் உள்ளது.

காலின் தொழில் யாது? உடலின் பாரத்தைத் தாங்கி நிற்பதும் நடப்பதுமே. ஒரு பாதத்தில் 26 என்புகள் உள. பாரம் ஏறும்போது அவை ஒன்றன்மேலொன்று சரிந்தும் திரும்பியும் அமைகின்றன. பாதவளைவு சரிந்த ஒருவர் மேசையிற் படுத்தவுடன் வளைவு ஓரளவு மீண்டுவிடுகின்றது; நோவும் தணிந்துவிடுகின்றது. அந்நிலையில் எடுத்த சீ.ரீ. படம் எத்துணைத் தெளிவாயினும், நோவில்லாத காலையே அது காட்டுகின்றது. நின்றவாறு எடுக்கும் சாதாரண எக்ஸ்றே பாரத்தைக் காட்டும். ஆனால் நிழல்கள் கலந்துவிடும். படுத்து எடுக்கும் சீ.ரீ. உருவத்தைக் காட்டும், ஆனால் பாரம் இல்லை. நின்றவாறே எடுக்கும் கூம்புக்கற்றைப் படம் இரண்டையும் ஒருங்கே தந்தது. ஒரே சுற்றுப் போதுமாகையால் மேசை வேண்டியதில்லை. மேசை இல்லையாகவே மனிதன் எழுந்து நின்றான்.

இதனாற் பாதவளைவு சரிந்தவரில், குதிக்கால் வெளிப்புறம் சாய்ந்து கணுக்காலின் வெளியென்போடு முட்டுவதைக் காணமுடிந்தது. பெருவிரல் சாய்ந்து அதன் அடியில் முடிச்சு விழும் நோயில், பாதத்தின் முதல் நீள் என்பு பக்கவாட்டிற் சாய்வதோடு தன் அச்சிலும் திரும்புகின்றது என்பது தெளிவாயிற்று. பாதத்தின் நடுவிலுள்ள என்புகளைப் பிணைக்கும் நார்கள் அறுந்த இடத்தில், பாரம் ஏறினால் மாத்திரம் விரியும் சிறு இடைவெளி வெளிப்பட்டது. முழங்கால் தேய்ந்த முதியோரில், நிற்கும்போது மூட்டின் இடைவெளி எங்கே எவ்வளவு ஒடுங்குகின்றது என அளக்க முடிந்தது. "நின்றால் நோகின்றது, படுத்தால் இல்லை" என்று நோயாளி கூறிவந்த சொல்லைக் கருவி ஈற்றிற் கேட்டுக்கொண்டது எனலாம்.

முன்னர்க் கூறிய சப்பாத்துக் கடைப் பெட்டியை இங்கே நினைவுகூர்க. அன்று பிள்ளைகள் நின்றவாறே கால்களிற் கதிர் பெற்றனர். அது வாணிகத்துக்காக, அளவின்றி, காரணமின்றி. அவ்வழக்கத்தை முதலில் தடுத்த அதே பென்சில்வேனியாவில் இன்று நோயறிதற்பொருட்டு நின்றவாறே படம் பிடிக்கும் கருவி ஆக்கப்பட்டது. கதிர் ஒன்றே, நோக்கமும் அளவுமே வேறு.

எல்லையும் அளவும்

புதியதைக் கண்டவுடன் அதுவே சஞ்சீவி என்று எண்ணுவது பேதைமை. கூம்புக்கற்றை என்பை நன்கு காட்டும். என்பைப் பிணைக்கும் நார்களையும், மூட்டின் கசியிழையத்தையும், என்பினுள் ஊறிய வீக்கத்தையும் அவ்வாறு காட்டாது. அவற்றுக்கு எம்.ஆர்.ஐ. முறையே ஏற்றது. கூம்பு விரிந்து செல்வதால் உடலிற் சிதறுண்ட கதிர்களும் தட்டை அடைந்து படத்தைச் சற்று மாசுபடுத்துகின்றன. சுற்றி முடிவதற்குள் நோயாளி அசைந்தால் உருவம் இரட்டித்துத் தோன்றும். உள்ளே பொருத்திய உலோக ஆணிகளும் கீறல்களை உண்டாக்கும்.

கதிர்வீச்சின் அளவையும் கருதவேண்டும். உலகில் ஒரு மனிதன் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகப் பெறும் கதிர்வீச்சு ஆண்டொன்றுக்குச் சராசரி 2.4 மில்லிசீவேர்ட். கையிலும் காலிலும் கதிரால் எளிதிற் கேடுறும் உறுப்புகள் குறைவாதலால், அவற்றை ஒருமுறை இம்முறையிற் படம் பிடிப்பதன் தாக்கம் அதன் மிகச் சிறிய பின்னமேயாகும். தாடைப் படத்தில் அஃது அதனினும் கூடும். கழுத்திலுள்ள சுரப்பிகள் அருகிருப்பதனாற் பிள்ளைகளின் பொருட்டுக் கூடிய கவனம் வேண்டும். 1928-இல் தோன்றிய சர்வதேசக் கதிர்க்காப்புக் குழுவினர் கூம்புக்கற்றைக்கென்றே 2015-இல் தனி அறிக்கை வெளியிட்டனர். காரணமின்றிப் படம் எடுக்கலாகாது, எடுப்பின் தேவைக்கு மேற்பட்ட கதிர் கொடுக்கலாகாது என்பவையே அவர்தம் கொள்கைகள். இவ்விரு வரிகளுக்குப் பின்னே ஹம்பேர்க் நினைவுக் கல்லிலுள்ள பெயர்கள் நிற்கின்றன.

மற்றோர் உண்மையும் உண்டு. படத்தில் ஒன்றுமில்லை என்பதனால் நோயில்லை என்று துணியலாகாதது போலவே, படத்தில் ஒன்று தெரிகின்றது என்பதனால் அதுவே நோவுக்குக் காரணம் என்றும் துணியலாகாது. மூட்டுத் தேய்வு படத்திற் காணப்பட்டும் நோவே அறியாத முதியோர் பலர் உளர். ஆகவே நோயாளியின் சொல்லும், வைத்தியரின் கைத்தேர்ச்சியும், படமும் ஆகிய மூன்றும் ஒத்துப்போகும் இடத்திலேயே உண்மை காணப்படும்.

முடிவுரை

இவ்வரலாற்றை நோக்குமிடத்து ஒன்று புலனாகின்றது. கணிதர் ஒருவர் வைத்தியத்தை எண்ணாமலே தேற்றம் கண்டார். பௌதிக விரிவுரையாளர் ஒருவர் வாரத்தில் ஒன்றரை நாட்கடமையை ஏனோதானோ என்று செய்யாமையால் புதுவழி கண்டார். அவரது கட்டுரை கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதனால் அதன் உண்மை கெட்டுவிடவில்லை. இசைத்தட்டுக் கம்பனியிலும் மோட்டார்க் கம்பனியிலும் பிறந்த அறிவு முடவரை நடக்கச் செய்யும் பணியில் வந்து சேர்ந்தது. எனவே இளைஞர்களாகிய நாம் கற்கும் பாடம் எதனையும், "இதனால் என்ன பயன்?" என்று இகழ்ந்து தள்ளுதல் தகாது. பயன் பிறிதொரு நாட்டில், பிறிதொரு தலைமுறையில், பிறிதொருவர் கையில் விளையலாம்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். முழங்கால் நோவையும் பாதநோவையும் முதுமையின் பங்கென்று பொறுத்துக்கொண்டிருப்போர் நம்மிடையே பலர். எப்போது நோகின்றது, நிற்கும்போதா, நடக்கும்போதா, படி இறங்கும்போதா, என்பதை வைத்தியரிடம் விளங்கச் சொல்லுங்கள். கருவிகள் எல்லா ஊரிலும் இருத்தல் அரிது. ஆனால் அச்சொல் எல்லாரிடமும் உண்டு. நூற்று முப்பது ஆண்டு உழைத்து விஞ்ஞானம் நோயாளியை நிற்கவைத்துப் பார்க்கக் கற்றது. நோயாளியை அருகிருத்தி அவர் சொல்வதைக் கேட்கும் வழக்கமோ அதனினும் பழையது. அதனை நாம் கைவிடாதிருப்போமாக.